ஃபூசுன் மலைச் சுருளின் அசல் அளவுப் பிரதி: சில ஆண்டுகள் வைத்துப் பார்த்த பிறகு

சீன ஓவியர் ஹுவாங் கோங்வாங் மையால் வரைந்து, 1350இல் தன் குறிப்பையும் எழுதிய ஃபூசுன் மலைச் சுருள் ஓவியத்தின் பிரதி, சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் முதலில் அளவைக் கேளுங்கள். தைவானின் தைபேயில் இருக்கும் மூலம் 33 செ.மீ. உயரம், ஏறத்தாழ 637 செ.மீ. நீளம். அதைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டால் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்த உலர்ந்த மைக்கோடுகள் ஒட்டிப்போய் வெறும் சாம்பல் பூச்சாகிவிடும். அந்தக் கோடுகள் இல்லையென்றால் இந்த ஓவியத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

அடுத்து, தழும்பைப் பாருங்கள். 1650இல் இதை வைத்திருந்தவர் சாகும் தறுவாயில் நெருப்பில் போடச் சொன்னார். உறவுக்காரப் பையன் வெளியே இழுத்துக் காப்பாற்றினான். ஓவியம் இரண்டாகிவிட்டது. 51 செ.மீ. துண்டு இப்போது சீனாவின் ஹாங்சோவில்; நீளப் பகுதிதான் தைபேயில் இருப்பது. சுருட்டியபடியே தீப்பிடித்ததால், நீளப் பகுதியின் தொடக்கத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள் விட்டுவிட்டு வரும். நல்ல அச்சில் அவை தெளிவாகத் தெரியும். சில பதிப்புகளில் அழகுக்காக அழித்துவிடுகிறார்கள், அவை வேண்டாம்.

ஓவியத்தில் வரையாமல் விட்ட வெற்றிடமும் முக்கியம். சீனாவின் சியான்லாங் பேரரசர் 1745இல் கிடைத்த ஒரு நகலையே அசல் என்று நம்பி, அதன் வானம், நீர் எல்லாவற்றிலும் தன் குறிப்புகளை எழுதித் தள்ளினார். மறுவருடம் வந்த உண்மையான ஓவியத்தைப் போலி என்று ஒதுக்கினார். அதனால்தான் இதன் நீர்ப்பரப்பு தப்பியது. எவ்வளவு பெரிய பாக்கியம்!

நான் இதை மேசையில் வைத்து, இடக்கையால் விரித்து வலக்கையால் சுருட்டியபடி, கையெட்டும் அகலத்துக்கு மட்டும் பார்ப்பேன். வலமிருந்து இடமாக மலை நகர்ந்து, நீர் அகன்று, ஒரு படகு வரும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் விரித்தால் அந்தப் பயணம் போய்விடும்.

குறை என்றால், மழைக்காலத்தில் உருளையை ஒட்டிய பின்தாள் லேசாகப் பெயர்ந்தது. புத்தகம் கட்டும் ஒருவர் மாவுப் பசையால் ஒட்டித் தந்தார்; அப்புறம் தொல்லையில்லை. இறுக்கிச் சுருட்டாமல் பருத்தித் துணிப்பையில் வைக்கிறேன். மற்றபடி மை நிறம் மங்கவில்லை.

சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள். அதற்கு ஏற்றது, இன்னொரு சீன ஓவியர் ஃபான் குவானின் மலைப் பயணிகள் ஓவியம்; அது தொங்குசுருளாகவே வரையப்பட்டது. 206 செ.மீ. உயரம்; சுவரை அளந்துவிட்டு வாங்குங்கள்.