முதல் வான்கோழி வேட்டைக்கு 1,290 டாலர் பொருள்கள்: கடைக்குப் போகும் முன் படித்துவிடுங்கள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு முதன்முறையாகப் போக நினைக்கும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஏப்ரல் தொடக்கத்தில், செயிண்ட் லூயிஸ் புறநகரில் உள்ள ஒரு வேட்டைப்பொருள் கடையில், வரியோடு சேர்த்து ஏறக்குறைய 1,290 டாலருக்குப் பொருள்கள் வாங்கினேன். அவற்றில் பாதிக்கு மேல் வான்கோழி வேட்டைக்குத் தேவையே இல்லாதவை. இரண்டு பொருள்கள் இந்த வேட்டையில் பயன்படுத்தச் சட்டம் இடம் தராதவை. அவ்விரண்டில் ஒன்று என் துப்பாக்கியின் குழலையே கெடுத்துவிட்டது. முறையீடு இன்னும் முடியாததால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வான்கோழி வேட்டைக்குப் போகிறவர். தெற்கே ஓசார்க் மலைப்பகுதியில் உள்ள மார்க் ட்வைன் தேசியக் காட்டுக்கு என்னையும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு) மாஸ்பர்க் 500 ரவைத் துப்பாக்கி ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தேன். (நான் குடியுரிமை பெற்றவன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டரசுச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது என்றாலும், வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறாமல் இதில் இறங்காதீர்கள்.) மற்றவற்றைத் தாமே பார்த்துக்கொள்வதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். ஆனாலும் பிறர் பொருளை நம்பிப் போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தோடுதான் கடைக்குள் நுழைந்தேன்.

விற்பனையாளர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, இது எனக்கு முதல் வேட்டையா என்பதுதான். என்ன துப்பாக்கி, எந்த இடம், பொது நிலமா தனியார் நிலமா, யாரோடு போகிறேன் என்று எதையும் கேட்கவில்லை. முதல் வேட்டை என்று சொன்னதும் ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். வேட்டைக்காரர்கள் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் காட்டு உயிர்களுக்கே திரும்பிப் போகிறது என்று அவர் சொன்னது என் மனத்தைத் தொட்டது. அதில் பாதிதான் உண்மை என்று பிறகு அறிந்தேன். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளக்குழல் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு கூட்டரசுத் தீர்வை உண்டு; அந்தப் பணம் மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்குப் போகிறது. உடைகளுக்கும், பொம்மைப் பறவைக்கும், கூடாரத்துக்கும் அந்தத் தீர்வை கிடையாது. என் வண்டியில் நிறைந்திருந்தவை பெரும்பாலும் இவைதான்.

முதலில் எடுத்து வைத்தது, உடல் வாடையை உறிஞ்சும் கரித்துகள் அடுக்கு வைத்துத் தைத்த மேற்சட்டையும் காற்சட்டையும், 280 டாலர். அதோடு வாடை போக்கும் தெளிப்பானும் சலவைச் சோப்பும் சேர்ந்து 46 டாலர். இவை மான் வேட்டைக்காரர்களின் பொருள்கள். மான் மோப்பத்தால் மனிதனை அறிகிறது. வான்கோழிக்கு மோப்ப உணர்வு மிகக் குறைவு. அதன் காவல் முழுவதும் கண்ணிலும் காதிலும்தான் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் விற்காமல் தேங்கிய சரக்கை வசந்தத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதை நான் உணர்ந்துகொள்ள மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்தது 190 டாலர் விலையுள்ள, பொத்தானை அழுத்தினால் பெட்டைக்கோழியின் குரல் கேட்கும் மின்னணுக் கருவி. புதியவர்களுக்குக் கையால் இயக்கும் கருவிகள் பழக ஆண்டுக்கணக்காகும் என்றும், இது இருந்தால் முதல் நாளே சேவல் வந்துவிடும் என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். மிசூரியில் வான்கோழி வேட்டையின்போது பதிவுசெய்த குரலையோ மின்னணுக் குரல் கருவியையோ பயன்படுத்தக் கூடாது. மாநில வனப்பாதுகாப்புத் துறை இலவசமாகத் தரும் வசந்தகால வேட்டைக் கையேட்டில் இது தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தக் கையேட்டின் ஓர் அடுக்கு அதே கடையின் கல்லா மேசையில் இருந்தது. பின்னர் நான் கேட்டபோது, கொயோட்டி (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) வேட்டைக்காரர்களுக்காக அதை வைத்திருக்கிறோம், எதற்கு வாங்குகிறார்கள் என்பது எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வான்கோழிக்கென்று கேட்டவனிடம், வான்கோழிக்கென்றே சொல்லி விற்ற பொருள் அது.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

ரவை எனப்படும் சிறு உருண்டைகளைச் சிதறச் சுடும் ரவைத் துப்பாக்கியின் குழல்வாயில் சோக் எனப்படும் சிறு குழாயைத் திருகிப் பொருத்தலாம். வாய் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நெருக்கமாக ரவைகள் போய்ச் சேரும். வான்கோழியை உடலில் சுடுவதில்லை, தலையிலும் கழுத்திலும்தான் சுடுவார்கள். ஆகையால் இந்த வேட்டைக்கு மிகக் குறுகிய சோக்கைப் பயன்படுத்துவது வழக்கம். அப்படியொன்றை 50 டாலருக்கு வாங்கினேன். அது சரியான பொருள்தான். அதற்கேற்ற தோட்டாவாக அவர் முதலில் காட்டியது டங்ஸ்டன் ரவை. ஈயத்தைவிட மிக அடர்த்தியானது, ஆனால் ஐந்து தோட்டாக்களே உள்ள பெட்டியின் விலை 50 டாலருக்கு மேல். நான் தயங்கியதைக் கண்டதும், அதே பணத்துக்கு இரண்டு பெரிய பெட்டிகள் தருகிறேன், ரவையும் பெரியது, தூரத்திலும் சேவல் விழும் என்று சொல்லி, 3 அங்குல எஃகு ரவைத் தோட்டாக்கள் இரண்டு பெட்டிகளை வண்டியில் வைத்தார். பெட்டியில் ரவை எண் 2 என்று இருந்தது.

ரவை எண்ணில் எண் குறையக் குறைய உருண்டை பெரிதாகும். மிசூரியில் வான்கோழிக்கு எண் 4 ரவையைவிடப் பெரியதைப் பயன்படுத்தக் கூடாது. எண் 2 எஃகு ரவை, காட்டுவாத்து வேட்டைக்கு என விற்கப்படுவது. அதுவும் குளிர்காலத்தில் தேங்கிப்போன சரக்கு. சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஈயம் மென்மையானது, குறுகிய வாயில் நெருக்கப்படும்போது சற்று வளைந்து கொடுத்து வெளியேறும். எஃகு வளையாது. மிகக் குறுகிய சோக்கின் வழியே பெரிய எஃகு ரவையைச் செலுத்தினால் அந்த அழுத்தத்தைச் சோக்கும் குழல்வாயும்தான் தாங்க வேண்டும். ஒரே ரசீதில், அடுத்தடுத்த வரிகளில், ஒன்றோடொன்று சேரவே கூடாத இந்த இரண்டையும் ஒரே ஆள் எனக்கு விற்றார்.

அந்த வாரக் கடைசியில் பயிற்சித் திடலுக்குப் போனேன். 40 கஜத்தில் காகிதத்தை மாட்டி, 10 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவைகள் விழுகின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தார் பெரியவர். நூறு விழுந்தால் நம்பலாம் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. எனக்கு முப்பதுகூட விழவில்லை. ஏழாவது தோட்டாவைச் சுட்டபின் திடலின் பாதுகாப்பு அலுவலர் என் மேசையில் இருந்த பெட்டியையும், குழல்வாயில் நீட்டிக்கொண்டிருந்த சோக்கையும் பார்த்துவிட்டு உடனே சுடுவதை நிறுத்தச் சொன்னார். சோக்கைத் திருகி எடுக்க முயன்றோம், அசையவில்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் 85 டாலர் வாங்கிக்கொண்டு அதை வெட்டி எடுத்துவிட்டு, குழல்வாய் வீங்கியிருக்கிறது, இனி இதில் சுட வேண்டாம் என்று சொன்னார். புதுக் குழல் 210 டாலர். அன்று என் மகளும் திடலுக்கு வந்திருந்தாள். எனக்கு நான்கு அடி பின்னால் நின்று காதை மூடிக்கொண்டிருந்தாள். பணத்தைவிட அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடல் பதறுகிறது.

கடைக்கு மூன்று முறை போனேன். தோட்டாக்களைத் திரும்பப் பெறுவதில்லை என்பது அவர்கள் விதி. அதை ஏற்கிறேன், பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். ஆனால் சோக்கின் உறையில் எஃகு ரவைக்கு உரியதன்று என்று சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி, படிக்காதது என் தவறு என்றார் மேலாளர். படித்திருக்க வேண்டியவன்தான் நான், மறுக்கவில்லை. அதைப் படித்திருக்க வேண்டிய இன்னொருவர் அதை விற்றவர். மேலாளர் உடைகளுக்கு மட்டும், அதுவும் கடையிலேயே செலவழிக்கும் வரவுச்சீட்டாக, 140 டாலர் தந்தார்.

வேட்டை தொடங்கும் ஏப்ரல் 21ஆம் தேதிக்கு முந்தைய மாலை, பெரியவர் என் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் புல்தரையில் பரப்பினார். 180 டாலர் மறைவுக் கூடாரத்தை முதலில் ஒதுக்கினார். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் வில்லால் வேட்டையாடுகிறவர்களுக்கும் அது உதவும், மலையேறி நடக்கும் நமக்குச் சுமை என்றார். விசிறியாக வாலை விரித்த பொம்மைச் சேவலையும் வைத்துவிடச் சொன்னார். பார்வை விலங்கு, அதாவது தன் இனத்தைக் கவர்ந்திழுக்க நிறுத்தும் விலங்கை, வைத்துப் பிடிப்பது நம் முன்னோரும் அறிந்த முறைதான்; ஆனால் பொது நிலத்தில் சேவல் உருவத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால், மரங்களுக்கு இடையே சிவந்த தலையைக் கண்ட வேறொரு வேட்டைக்காரர் சுட்டுவிடக்கூடும். விற்பனையாளர் இதைச் சொல்லவில்லை. 130 டாலர் மேலங்கியில் இருபது பை இருந்தன. அதிலிருந்த, உட்காருவதற்கான மெத்தையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்.

கடைசியில் என்னோடு காட்டுக்கு வந்தவை இவ்வளவுதான்: உரிமமும் கையேடும், பெரியவர் இரவலாகக் கொடுத்த 20 கேஜ் துப்பாக்கியும் எண் 6 ஈய ரவைத் தோட்டாக்கள் ஐந்தும், என்னிடம் ஏற்கெனவே இருந்த கரும்பச்சை முழுக்கைச் சட்டை, முகத்தை மூடும் வலை, கையுறை, அந்த மெத்தை, தண்ணீர், ஒரு மரப்பெட்டிக் குரல் கருவி. மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும் இந்தக் கருவிக்கு 1897இலேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. என் வண்டியிலும் 25 டாலருக்கு ஒன்று இருந்தது, நல்ல வேளையாக. ஆண்டுக்கணக்காகும் என்று சொல்லப்பட்ட அதை வீட்டுக் கார்க்கொட்டகையில் நான்கு மாலை பழகிக்கொண்டேன். சட்டையில் சிவப்பு, வெள்ளை, நீலம் எங்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டோம், அவை சேவலின் தலை நிறங்கள் என்பதால். சுட்ட பறவையைச் சுற்றித் தூக்கிவர ஆரஞ்சு நிறத் துணி ஒன்றை அவர் வைத்திருந்தார். மிசூரியில் அழிவின் விளிம்புக்குப் போன வான்கோழிகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கிய பின், 1960இல் மீண்டும் வசந்தகால வேட்டையைத் திறந்தபோது, 14 மாவட்டங்களில் மூன்று நாள்களில் 94 பறவைகள் கிடைத்தன என்று அவர் சொன்னார். அன்று காட்டுக்குப் போனவர்களிடம் இருந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

நான் கடையில் வாங்காத, யாரும் எடுத்துக் கொடுக்காத, கட்டாயம் வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது உண்ணிகளைக் கொல்லும் பெர்மெத்ரின் தெளிப்பான். ஏப்ரல், மே மாதங்களில் ஓசார்க் காடுகளில் உண்ணிகள் மிகுதி. லோன் ஸ்டார் என்ற இனத்தின் பெட்டை உண்ணிக்கு முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற ஒவ்வாமை வரும். அதன் பின் ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதுவும் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது. 2009இல் மிசூரி விவசாயிகள் இருவரிடம் முதலில் கண்டறியப்பட்ட ஹார்ட்லேண்ட் வைரஸும் இந்த உண்ணியால் பரவுவதே. 0.5 விழுக்காடு பெர்மெத்ரினை உடையிலும் காலணியிலும் தெளித்து, நன்றாக உலர்ந்தபின் அணிய வேண்டும்; தோலில் தடவக் கூடாது; ஈரமாக இருக்கும்போது பூனை அருகில் வரவிடக் கூடாது. விலை 20 டாலருக்குள். வாடை போக்கும் தெளிப்பானுக்கு 46 டாலர் வாங்கிய கடையில் இதுவும் அடுத்த அடுக்கில் இருந்திருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெரிய சேவல் அறுபது கஜம்வரை வந்து, நான் முகவலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கியதும் ஓடிவிட்டது. எந்த உடையும் அந்த அசைவை மறைத்திருக்காது. மூன்றாம் நாள், தோளைவிட அகலமான ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இளஞ்சேவல் ஒன்று 28 கஜத்தில் வந்து நின்றது. அன்று மதியம் முறைப்படி பதிவுசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பணம் பற்றி: மின்னணுக் கருவிக்கு உரிய 190 டாலரைக் கடன் அட்டை வங்கி திருப்பித் தந்துவிட்டது. கையேட்டின் அந்தப் பக்கத்தையும், ரசீதில் வான்கோழித் தொகுப்பு என்று கடையே எழுதியிருந்த வரியையும் படமெடுத்து அனுப்பியதுதான் உதவியது. சோக், குழல், பழுதுக்கூலி ஆகியவற்றுக்கான முறையீட்டை மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் கொடுத்திருக்கிறேன். வெட்டி எடுத்த சோக்கையும் மீந்த தோட்டாக்களையும் பெட்டியோடு வைத்திருக்கிறேன். செயிண்ட் லூயிஸ் பகுதியில் இதே போன்ற தொகுப்பை வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், முதலில் தோட்டாப் பெட்டியில் உள்ள ரவை எண்ணையும் சோக்கின் உறையையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் சேராவிட்டால் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள், ரசீதை எறிந்துவிடாதீர்கள்.