எல்எம்35: ரெசிஸ்டர் இல்லாமல் பல ஆண்டுகள்

மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், தம் கடைக் குளிர்பெட்டிக்கு எல்எம்35 என்ற வெப்பநிலைச் சென்சார் போதுமா, அதற்கென்று தனியாக ரெசிஸ்டர் (மின்தடை) போட வேண்டுமா என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சென்சாரைப் பல ஆண்டுகளாக ரெசிஸ்டர் இல்லாமலேயே பயன்படுத்தி வருகிறேன். அதன்மேல் எனக்குப் பிரியமும் உண்டு, தீராத எரிச்சலும் உண்டு.

பிரியம் அதன் எளிமையால் வந்தது. மூன்று கால்களில் நடுக்கால்தான் அளவைத் தரும், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் வீதம். அதில் மல்டிமீட்டரை வைத்தால் 304 மில்லிவோல்ட். அப்படியானால் அறை 30.4 டிகிரி செல்சியஸ், கணக்கு முடிந்தது. அது எடுக்கும் மின்னோட்டம் 60 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு என்பதால், அசையாத காற்றில்கூடத் தன் சூட்டால் ஏறுவது 0.08 டிகிரி அளவுதான். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் உள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸில் (அளவை ஒப்பிடும் மின்னழுத்தம்) படித்தால் ஒரு படி ஏறத்தாழ 0.1 டிகிரிக்கு வரும். வழக்கமான 5 வோல்ட்டிலேயே விட்டுவிட்டு, அளவு அரை அரை டிகிரியாகத் தாவுகிறதென்று சென்சாரைத் திட்டுவது நியாயமில்லை.

என் எரிச்சல் 2 டிகிரியில் தொடங்குகிறது. ஃப்ரீசருக்குள் வைத்தால் எண்கள் ஒழுங்காக இறங்கி வந்து, சுழியத்தை நெருங்கியதும் அப்படியே நின்றுவிடும். உள்ளே மைனஸ் 15 ஆனாலும் அதே சில மில்லிவோல்ட்தான். இது பழுது அன்று. இதன் வெளியீடு மின்னோட்டத்தை வெளியே தருமே தவிர, உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் மிகச் சொற்பம். ஆகவே சுழியத்துக்குக் கீழே போக வேண்டுமானால், நடுக்காலிலிருந்து மைனஸ் சப்ளைக்கு (கிரவுண்டைவிடத் தாழ்ந்த மின்னழுத்தம்) 50 மைக்ரோஆம்பியர் இழுக்கும்படி ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். மைனஸ் 5 வோல்ட்டுக்கு அது 100 கிலோஓம். ரெசிஸ்டர் காசுக்குப் பெறாதது, ஆனால் 5 வோல்ட் அடாப்டரை மட்டும் வைத்திருப்பவன் அந்த மைனஸ் 5 வோல்ட்டுக்கு எங்கே போவான்? கிரவுண்ட் காலின் கீழ் இரண்டு டயோடுகளும், நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 18 கிலோஓமும் போடும் வேறு வழியை, தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட் காட்டுகிறது. அதற்கு ஆர்டுயினோவில் மின்னழுத்தத்தைப் படிக்கும் அனலாக் பின்கள் இரண்டு செலவாகும்.

பிழை என்று தெரியும்படி ஏதாவது காட்டினாலாவது பரவாயில்லை. நின்றுபோன எண்ணோ நம்பத்தக்க எண்ணாகவே இருக்கிறது. இன்சுலினும் பல தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை, உறைந்தால் கெட்டுவிடும். எந்த எல்லையில் எச்சரிக்கை வேண்டுமோ, சரியாக அந்த எல்லையிலேயே இந்தச் சென்சார் வாயை மூடிக்கொள்கிறது.

நீளமான ஒயரும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒயர் நீள நீள அதன் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) கூடும், அந்தச் சுமை 50 பிகோஃபாரடுக்கு மேல் ஏறினால் அளவு ஆட்டம் காணும். சென்சாருக்குப் பக்கத்திலேயே நடுக்கால் ஒயரில் 2 கிலோஓம் சேர்த்தால் அடங்கிவிடும். ரெசிஸ்டரே வேண்டாமென்று ஆரம்பித்த வேலைக்கு இப்படி ஒரு முடிவு.

நண்பரை டிஎம்பி36 என்ற வேறொரு வெப்பநிலைச் சென்சாரை வாங்கச் சொல்லிவிட்டேன். அது 0 டிகிரியிலேயே 500 மில்லிவோல்ட் தருவதால், எந்த ரெசிஸ்டரும் இல்லாமல் மைனஸ் 40 வரை இறங்கும், 2.7 வோல்ட்டிலும் ஓடும், எல்எம்35 போல 4 வோல்ட் கேட்காது. எல்லா வகையிலும் அதுதான் பொருத்தம். ஆனாலும் என் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் அடுத்து நான் பொருத்தப்போவது எல்எம்35தான். ஒரு பை நிறைய மிச்சம் இருக்கிறது.