கொக்குவிலில் ஒரு விசேட கல்வி ஆசிரியை: பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

தரம் 4இல் படிக்கும் எமது மகன் கணக்குகளை வாயால் சரியாகச் சொல்வான்; அதே கணக்கு வினாத்தாளில் வந்தால் வாசிக்க முடியாமல் விட்டுவிடுவான். யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஒழுங்கையொன்றில், தமது வீட்டு விறாந்தையில் பிற்பகல் வேளைகளில் கற்பிக்கும் விசேட கல்வி ஆசிரியை ஒருவரிடம் அவனைக் கடந்த ஆண்டு முதல் அனுப்பி வருகிறோம். அவரைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் அவர் எதையும் கற்பிக்கவில்லை. மகன் எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எங்கே ஊகித்து வாசிக்கிறான், எவ்வளவு நேரத்தில் களைக்கிறான் என்று கொப்பியில் குறித்துக்கொண்டே இருந்தார். காசு கட்டிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு இது எரிச்சலூட்டும். எனினும் பாடம் முழுவதும் அந்தக் குறிப்புகளிலிருந்தே பிறந்தது. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் எழுதப்பட்டும் ஒலி பின்னால் வருவதும், ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்பதுமே அவனைக் குழப்பின என்று கண்டறிந்த அவர், 247 எழுத்துகளையும் வரிசையாக மனனம் செய்விக்கும் வழமையைக் கைவிட்டு, மெய்யை ஒரு நிற அட்டையிலும் குறியை வேறு நிற அட்டையிலும் எழுதி, அவனே சேர்த்தும் பிரித்தும் ஒலிக்கும்படி செய்தார். மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதிக்கொண்டே உரத்துச் சொல்லவும் பழக்கினார். (ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் எழுதுவிக்கும் நமக்கு இது அந்நியமானதன்று, நாம் அன்றோடு நிறுத்திவிடுகிறோம்.) அமெரிக்காவில் 1930களில் மருத்துவர் சாமுவேல் ஓர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் வகுத்த, பார்த்தல், கேட்டல், தொடுதல் ஆகியவற்றை ஒருசேரப் பயன்படுத்தும் பல்புலன் முறையின் வழியிலானது இது. ஆங்கில வாசிப்புக்கென உருவான அம்முறையைத் தமிழ் எழுத்தின் சிக்கல்களுக்கு ஏற்ப மாற்றியதில்தான் இவருடைய திறமை தெரிகிறது.

அதைவிட நான் மதிப்பது, கொடுத்த உதவியை அவர் திரும்ப எடுக்கும் விதத்தை. அட்டைகள் பழகியதும் நிறத்தைச் சிறிது சிறிதாக மங்கச் செய்து, இறுதியில் சாதாரண கறுப்பெழுத்துக்கு மாற்றினார். முன்னர் நாம் அனுப்பிய நிலையமொன்றில் ஆசிரியர் அருகிலிருந்து முதலெழுத்தைச் சொல்லிக் கொடுக்கும்வரைதான் மகன் வாசித்தான். இப்போது மெதுவாகவேனும் தனியாக வாசிக்கிறான். ‘ர’, ‘ற’ மயக்கம் மட்டும் எழுத்தில் நீடிக்கிறது. வகுப்பாசிரியருக்கு அவர் எழுதித் தந்த ஒரு பக்கக் குறிப்பும் பயன்பட்டது. வினாவை ஒருமுறை வாசித்துக் காட்டுதல், கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதும் அளவைக் குறைத்தல் என்று, பாடசாலையில் நடைமுறைப்படுத்தக்கூடியவற்றை மட்டுமே அதில் கேட்டிருந்தார்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் அங்கு வருகிறார்கள். அவர்களுக்கு அன்றைய வேலைகளைப் படவரிசையாகச் சுவரில் ஒட்டிவைக்கிறார். முடித்த வேலையின் படத்தைப் பிள்ளையே கழற்றிப் பெட்டியில் போடுகிறது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்விக்கும்படி கேட்டால் உறுதியாக மறுத்துவிடுவார். அந்த எண்ணத்தோடு செல்வோர் வேறு இடம் பார்ப்பது நல்லது. ஒரு நேரத்தில் மிகச் சிலரையே சேர்ப்பதால் இடம் கிடைக்கத் தாமதமாகும். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு இன்னும் விரிவாகச் சொல்லலாம். போகும் வாசலில் சொல்லும் இரண்டு வசனங்கள் போதுமானவையல்ல. விறாந்தைக்கு ஏறும் படிகளில் சரிவுப்பாதை இல்லாமையால், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. விசேட கல்வி நடக்கும் ஓரிடத்தில் இதையே அவர் முதலில் சரிசெய்ய வேண்டும்.