யாழ்ப்பாணத்து வீதியில் மொறிஸ் மைனரும் பொப்பிசைக் கசற்றும்: ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

1098 சிசி இயந்திரம் கொண்ட மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று, அதன் முன்தட்டின் கீழே பூட்டிய ஒற்றை ஸ்பீக்கர்க் கசற் செற் ஒன்று, 1970களின் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் பதிந்த கசற்றுகள் சில. இவை மூன்றையும் பத்தாண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் அன்றாடப் பாவனையில் வைத்திருக்கிறேன். சந்தைக்கும் வங்கிக்கும் பருத்தித்துறையிலுள்ள உறவினர் வீட்டுக்கும் இந்தக் காரில்தான் போய்வருகிறேன். பழைய கார்களையும் பழைய பாடல்களையும் பற்றி நம்மவர்கள் எழுதுபவற்றில் ஏக்கம் நிறைய இருக்கிறது. பாவித்துப் பார்த்த விபரம் குறைவாக இருக்கிறது. இப்படியொரு காரை வாங்க நினைப்பவருக்கும், தகப்பனாரின் கார் கொட்டிலில் தூசி படிந்து நிற்பதைப் பார்த்து என்ன செய்வதென்று யோசிப்பவருக்கும் அந்த விபரம்தான் உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சம் அளவில் தயாரிக்கப்பட்டது. பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டதும் இதுவே. ஆனால் இலங்கையில் இது இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரின் தரத்தோடு நாட்டின் வரலாறும் காரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்ட பின், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, அதற்கு முன் வந்திறங்கிய மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. 1977க்குப் பிறகு தென்னிலங்கையில் யப்பானியக் கார்கள் அவற்றை ஓரங்கட்டின. யாழ்ப்பாணத்தில் போர் அந்த மாற்றத்தை நிறுத்திவைத்தது.

1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமற் போனபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கபிறேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதால் அது நடந்தது. நவீன இயந்திரம் எதுவும் அதைத் தாங்கியிராது. அதற்கான விலையும் இருந்தது. புகை, தட்டும் சத்தம், இயந்திர ஒயிலுக்குள் கலந்து அதை நீர்க்கச்செய்யும் எரியாத மண்ணெண்ணெய், அடிக்கடி இயந்திரத்தின் தலைப்பகுதியை (சிலிண்டர் ஹெட்டை) கழற்றிக் கரி சுரண்டும் வேலை என்று எல்லாமே கூடின. நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்களையும் சுமந்தவை இந்தக் கார்கள்தாம். எனவே எங்களூரில் மைனர் மீதுள்ள பற்றை வெறும் அழகுணர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. இதன் இலக்கத் தகட்டிலுள்ள சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக்கு எதிராக 1958இல் தமிழர் நடத்திய போராட்டத்தையும் மறப்பதற்கில்லை. பாசத்தோடு துடைத்து வைக்கும் காரிலேயே அந்தத் தகடும் இருக்கிறது.

பாடல்களும் அந்த மூடிய காலத்தின் பிள்ளைகளே. இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டு, உள்ளூர்ப் படைப்புக்கு இடமும் மதிப்பும் கிடைத்த 1970களில்தான் ஈழத்துப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’யும் ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் பாக்குநீரிணைக்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தன. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாக இலங்கைக் கரையோரங்களில் வேரூன்றிய பைலாவின் ஆறெட்டுத் தாளத்தை எடுத்து, கிற்றாரும் கொங்கோ மேளமும் சேர்த்து, எங்கள் வீட்டுப் பேச்சுமொழியில் பாடினார்கள். பிரித்தானியாவில் செய்த காரைச் சுன்னாகத்துக் கராஜில் எங்கள் காராக ஆக்கியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையில் அகப்பட்டதை வைத்துக்கொண்டு நமக்கென்று ஒன்றைச் செய்துகொள்ளும் அந்தத் திறமைக்காகவே நான் இவை இரண்டையும் மதிக்கிறேன்.

காருக்குள் பாட்டைக் கொண்டுவருவதில் முதலில் வரும் சிக்கல் மின்சாரம். மைனரின் 12 வோல்ற் மின்னமைப்பில் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பிற்காலக் கசற் செற்றுகள் எல்லாம் மைனஸ் முனை உடலோடு இணைந்திருப்பதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. சுன்னாகத்தில் எனக்கு வேலை செய்துதரும் மூத்த மெக்கானிக் அண்ணை செற்றைக் கையில் வாங்கிய உடனேயே சொன்னார்: “தம்பி, இதுக்கு எர்த் பிளஸ்ஸிலை கிடக்கு. அப்பிடியே பூட்டினால் செற் எரிஞ்சுபோம்.” இரண்டு வழிகள் உண்டு. செற்றின் உலோகக் கூடு காரின் உடலில் எங்கும் படாதபடி இறப்பர் வைத்துப் பூட்டி, கம்பிகளை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஸ்பீக்கர்க் கம்பியோ அன்ரெனாவோ ஒருமுறை உடலில் உரசினாலும் பியூஸ் போகும். மற்றது காரின் முனையையே மாற்றுவது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். பற்றரியைத் திருப்பிப் பூட்டி, இக்னிஷன் கொயிலின் இரண்டு கம்பிகளையும் இடம்மாற்றி, டைனமோவின் காந்தச் சுருளுக்குரிய F முனையைப் பற்றரியின் உயிர்முனையோடு (உடலோடு இணையாத முனையோடு) ஒரு கணம் தொட்டு எடுத்தால் டைனமோவின் காந்தம் புதிய திசைக்கு மாறிவிடும். ஸ்ரார்ட்டர், துடைப்பான், ஹோர்ன் ஆகியவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் பொனற்றின் உட்புறத்தில் ‘மைனஸ் எர்த்’ என்று பெரிதாக எழுதிவைக்க வேண்டும். அடுத்து பற்றரி மாற்றுபவர் பழைய வழக்கத்தில் பூட்டிவிட்டால் செற் தப்பாது.

அதன் பிறகும் இயந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓர் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து கேட்கும். அது டைனமோவிலிருந்து வருவது. மின்சாரம் வெளிவரும் பெரிய முனைக்கும் உடலுக்கும் இடையில் ஒரு கொண்டென்சர் பூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தவறியும் F முனையில் அதைப் பூட்டக்கூடாது; மின்னேற்றம் கெட்டுப்போகும். டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர்தான் தரும், இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் இல்லை. ஆகவே மழையிரவில் முன்விளக்கும் துடைப்பானும் ஓடும்போது நான் பாட்டை நிறுத்திவிடுவேன்.

இந்தப் பாடல்களை இந்தக் காருக்குள் கேட்பதன் சுகத்துக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அக்காலப் பதிவுகளில் குரலும் கிற்றாரும்தான் முன்னுக்கு நிற்கும். ஆழ்ந்த பாஸ் ஒலி குறைவு, இடம் வலம் என்ற பிரிவும் பெரும்பாலும் இல்லை. மைனரின் இரைச்சலோ முழுவதும் கீழ் அலைவரிசையில் இருக்கிறது. பலாலி வீதியில் நான்காம் கியரில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது இயந்திரத்தின் முழக்கம் கீழே தங்கிவிட, மனோகரனின் குரல் அதற்கு மேலால் ஒரு சொல்லும் தப்பாமல் கேட்கிறது. இன்றைய திரைப்பாடல்களை அதே செற்றில் போட்டுப் பார்த்திருக்கிறேன். பாஸ் எல்லாம் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட, வெறும் சலங்கைச் சத்தம் போன்ற ஒன்றே எஞ்சுகிறது. நல்ல ஹெட்போனில் பழைய பொப் பாடல்களைக் கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று நினைத்த இளையவர்கள், ஒருமுறை இத்தகைய காரின் முன்னிருக்கையில் இருந்து கேட்டால் அவற்றின் அளவும் நோக்கமும் விளங்கும்.

ஓட்டுவதற்கு மைனர் இன்றும் மகிழ்ச்சி தரும் கார். ஸ்ரேறிங் கூர்மையானது, ஒழுங்கைகளுக்குள் திருப்ப இலகுவானது. சாவியைத் திருப்பியதும் எஸ்யு பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கபிறேற்றர் நிரம்பியதும் நின்றுவிடும். அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ எரிபொருள் கசிகிறது, அல்லது தாங்கி காலி. இந்த ஓசைக்காகவே நான் சாவி போட்டுச் சிறிது காத்திருந்துதான் கசற்றை உள்ளே தள்ளுவேன். முதலாம் கியருக்கு, ஓட்டத்திலேயே கியரை இலகுவாக விழவைக்கும் சின்க்ரோ அமைப்பு இல்லாததால் கார் முழுதாக நின்ற பின்பே அதைப் போட வேண்டும். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் சித்திரை வெயிலிலும் முகத்துக்குக் காற்று வரும்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்க எதுவுமில்லை. நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிறேக்தான், பிறேக்கை மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் துணைக்கருவி (சேர்வோ) கிடையாது, முன்னால் போகும் வாகனத்திலிருந்து மற்றவர்களைவிட இரு மடங்கு இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். பிறேக் எண்ணெய்த் தாங்கி சாரதியின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது; கண்ணில் படாததால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது முன்சக்கரங்களைத் தாங்கும் திருகுமூட்டு. அதற்குக் காலந்தவறாமல் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து மூட்டு கழன்று, சக்கரம் அப்படியே மட்கார்டுக்குக் கீழே மடங்கிவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அஞ்சுவது இதற்குத்தான். நான் ஒயில் மாற்றும் தவணைக்குக் காத்திராமல் அதற்கு முன்னரே கிறீஸ் அடித்துவிடுவேன். ஏ9 வீதியில் பகலில் கிளிநொச்சி வரை போயிருக்கிறேன்; இரவில் போவதில்லை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரமும் போவதில்லை. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

உதிரிப்பாகங்கள் நினைப்பதைவிட இலகுவாகக் கிடைக்கின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலானவை அகப்படும். இலங்கையில் செய்த மைனர்த் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியான காலமும் உண்டு. ஆயினும் விலை குறைந்த புதிய இறப்பர்ப் பாகங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. கடையொன்றில் வாங்கிய பிறேக் இறப்பர்கள் ஓராண்டுக்குள் ஊதிப்போயின. அதன்பின் மெக்கானிக் அண்ணை கையால் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டுமே பூட்டுகிறோம்.

2022 எரிபொருள் நெருக்கடியில் கார்களுக்குக் கியூஆர் குறியீட்டில் வாரத்துக்கு 20 லீற்றர் வழங்கியபோது, என் ஓட்டத்துக்கு அதுவே போதியதாக இருந்தது. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது; கபிறேற்றரின் ஊசியும் மிதவையும் சரியாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்ததில் பழைய கார்களுக்கும் விலை ஏறியது. மெருகு பூசி விற்பனைக்கு நிற்கும் காரை வாங்க முன் தரைத்தகட்டையும் பின்வில்லுகள் பொருத்தும் இடத்தையும் குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். எங்கள் கடற்காற்று நிறப்பூச்சுக்கு அடியிலிருந்துதான் தின்னத் தொடங்கும்.

கசற்றுகளுக்கு வெயில்தான் பகை. காரை வெயிலில் விட்டுப் போகும்போது கசற்றைத் தட்டில் வைக்கக்கூடாது. கூடு நெளிந்தால் நாடா உரசிச் சிக்கும். அறுபது நிமிடக் கசற்றின் நாடா தடிப்பானது, தொண்ணூறு நிமிடத்தது மெலிந்தது. குலுங்கும் காருக்கு முன்னையதே ஏற்றது. செற்றின் ஹெட்டையும் இறப்பர் உருளையையும் ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். நீண்ட நாள் ஓடாமல் கிடந்த செற்றில் பெல்ற் தார்போல் இளகி ஒட்டியிருக்கும். அதை வழித்துத் துடைத்துவிட்டுப் புதியது போட்டால் மீண்டும் ஓடுகிறது. கசற்றுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித்துண்டு கழன்றிருந்தால் ஒலி மங்கலாகும். பாட்டே அழிந்துவிட்டது என்று எண்ணிக் கசற்றை எறிந்துவிடாமல், வேறொரு வெற்றுக் கசற்றின் கூட்டுக்கு நாடாவை மாற்றிப் பாருங்கள்.

என்னிடமுள்ள கசற்றுகளில் சில கடையில் வாங்கியவை. மற்றவை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஒலிபரப்பிலிருந்து வீட்டில் பதிந்தவை. இரண்டாவது வகையில் அறிவிப்பாளரின் குரலும் நேர அறிவிப்பும் விளம்பரத்தின் அரைகுறையும் பாட்டோடு சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைக் கணினியில் பிரதியெடுக்கும் வேலையை இப்போது செய்துவருகிறேன். துப்புரவாக்கும் மென்பொருளால் சீறும் ஒலியைச் சற்றுக் குறைக்கிறேனே தவிர, அறிவிப்பாளரின் குரலை வெட்டுவதில்லை. பாடகரின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தாலும், கிற்றார் வாசித்தவர், மேளம் அடித்தவர், மெட்டமைத்தவர் பெயர்கள் பல பாடல்களுக்கு அந்த அறிவிப்பில் மட்டுமே சொல்லப்படுகின்றன. வீட்டில் இப்படிப்பட்ட கசற்றுகள் வைத்திருப்பவர்கள் பிரதியெடுக்கும்போது அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி, கோப்போடு சேர்த்துச் சேமித்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.