ஏஎம்ஆர் ஃப்ளீட்டுக்கு எந்த பேட்டரி, எந்த சார்ஜர்? ஒரு மதிப்புரை

ஆலையிலும் கிடங்கிலும் ஓட்டுநர் இல்லாமல் சரக்கு சுமக்கும் தானியங்கி வண்டிகளான ஏஎம்ஆர், ஏஜிவி ஆகியவற்றின் விற்பனைத் தாள்களில் முதலில் கண்ணில் படுவது "ஒரு சார்ஜுக்கு இத்தனை மணி நேரம் ஓடும்" என்ற வரிதான். ஒன்றிரண்டு வண்டிக்கு அது போதும். இருபது வண்டி ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடும் இடத்தில் அந்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது. அங்கே கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது? அதைத் திருப்பி ஏற்ற வண்டி எத்தனை நிமிடம் டாக்கில், அதாவது சார்ஜ் ஏற்றும் இடத்தில், நிற்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக 250 வாட் இழுக்கும் வண்டி, அதில் 51.2 வோல்ட், 40 ஆம்ப்-ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, அதாவது சுமார் 2 கிலோவாட்-ஹவர். சார்ஜர் 40 ஆம்பியர் கொடுக்கிறது. இழப்பையும், டாக்கில் நிற்கும்போது வண்டியின் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் இழுப்பதையும் சேர்த்தால், ஒரு மணி நேர வேலைக்கு சுமார் 8 நிமிட சார்ஜ் வேண்டும். டாக்குக்கு வந்து சேர்ந்து கிளம்ப இன்னொரு 2 நிமிடம். ஆக 70 நிமிடத்தில் 10 நிமிடம் டாக்கில் போகிறது. 20 வண்டி என்றால் எந்த நேரத்திலும் சராசரியாக 3 வண்டி டாக்கில் இருக்கும். அதற்காக 3 டாக் போதும் என்று முடிவு செய்தால் வரிசை நிற்கும், ஏனென்றால் வண்டிகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. 4 போட வேண்டும். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமலிருக்க 5.

இதே கணக்குதான் பேட்டரியின் ஆயுளையும் சொல்கிறது. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 5 கிலோவாட்-ஹவர் பேட்டரி வழியாகப் போகிறது. முழுதாக ஏற்றித் தீர்ப்பது ஒரு சுற்று என்றால், நாளொன்றுக்கு இரண்டரை முழுச் சுற்று. 3000 சுற்று உத்தரவாதம் உள்ள பேட்டரி மூன்று வருடத்துக்குச் சற்று மேல் தாங்கும். வண்டியை எட்டு வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் குறைந்தது இரண்டு முறை பேட்டரி மாற்றும் செலவையும் விலைப்புள்ளியில் சேர்த்துப் பாருங்கள்.

வேதியியலில் தேர்வு சிக்கலானதல்ல. லெட்-ஆசிட் பேட்டரி அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு குறையும். இடையிடையே ஐந்து பத்து நிமிடம் ஏற்றி ஓட்டும் முறைக்கு அது ஒத்து வராது. எல்டிஓ (லித்தியம் டைட்டனேட்) மிக வேகமாக ஏறும், குளிரிலும் ஏறும், பத்தாயிரம் சுற்றுக்கு மேல் உழைக்கும்; ஆனால் அதே மின்சாரத்துக்கு எடையும் விலையும் கூடுதல். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உற்பத்தி இழப்பாகும் அசெம்பிளி லைனுக்கு அது பொருந்தும். மற்ற பெரும்பாலான இடங்களுக்கு எல்எஃப்பிதான் சரி. ஒரே எச்சரிக்கை குளிர்பதனக் கிடங்கு: செல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது எல்எஃப்பியை ஏற்றினால் ஆனோடில் லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. டாக்கை வெளியே வெப்பமான பகுதியில் வைத்தால் வண்டி வந்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். ஹீட்டர் உள்ள பேட்டரி வாங்குவதே நல்லது.

அடுத்தது டாக். தரையிலோ சுவரிலோ தகடு வைத்து, வண்டியின் கான்டாக்ட் அதில் அழுத்தும் வகை மலிவானது, திறனும் நன்று. அதன் பலவீனம் எங்கே என்று ஜூலின் விதியே காட்டிவிடும். இணைப்பில் 1 மில்லி ஓம் தடை இருந்தால் 40 ஆம்பியரில் 1.6 வாட் வெப்பம். கையில் கூடத் தெரியாது. தூசியும் ஆக்சைடும் படிந்து அது 50 மில்லி ஓம் ஆனால் 80 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, விரல் அளவு தகட்டில். ஸ்பிரிங் தளரும், அழுத்தம் குறையும், தடை இன்னும் ஏறும். அதனால் தகட்டில் வெப்ப சென்சார் இல்லாத டாக்கை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாரம் ஒருமுறை துடைப்பதும், ஸ்பிரிங் அழுத்தத்தைச் சோதிப்பதும் பராமரிப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.

தகட்டில் கருப்பாகச் சிறு குழிகள் தெரிந்தால் காரணம் தூசி அல்ல, இணைப்பைத் துண்டிக்கும் படிகளின் வரிசை தவறியது. வண்டி கிளம்பும்போது முதலில் மின்னோட்டம் பூஜ்ஜியமாக வேண்டும், அடுத்து கான்டாக்டர் (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறக்க வேண்டும், அதன் பிறகே சக்கரம் உருள வேண்டும். அவசர வேலை வந்ததும் வண்டியை உடனே இழுத்துவிடும் மென்பொருளில் ஒவ்வொரு முறையும் தீப்பொறி பறக்கும். வண்டிகளும் கட்டுப்பாட்டு மென்பொருளும் பேசிக்கொள்ளும் விடிஏ 5050 தரநிலை வழியாக இயக்குகிறீர்கள் என்றால், ஸ்டாப்-சார்ஜிங் கட்டளை முடிந்தது என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்த ஆர்டர் போகிறதா என்று பாருங்கள்.

வயர்லெஸ் டாக்கில் இந்தத் தொல்லைகள் இல்லை. வைஃபெரியான் நிறுவனத்தின் ஈட்டாலிங்க் 3000 போன்றவை 3 கிலோவாட் தருகின்றன. 93 சதவீதம் வரை திறன் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். தண்ணீர் ஊற்றிக் கழுவும் தளம், மாவுத்தூசி பறக்கும் தளம் என்றால் கூடுதல் விலைக்குத் தகும். லேத், மில்லிங் பக்கத்தில் யோசிக்க வேண்டும்: காந்தப் புலம் வழியாக மின்சாரம் அனுப்பும் பேடில் விழும் இரும்புத் துருவல் சூடேறும். அன்னியப் பொருளைக் கண்டறியும் வசதி சின்னத் துருவலையும் பிடிக்கிறதா என்று உங்கள் துருவலையே போட்டுச் சோதியுங்கள். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி ஏற்றிய பேட்டரியைப் பொருத்தும் முறை, நிறுத்தவே முடியாத கனரக வண்டிகளுக்கு மட்டும். உபரி பேட்டரி, அவற்றை ஏற்றும் ரேக், தேயும் கனெக்டர் என்று செலவு நீளும்.

இனி பலரும் கவனிக்காத பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு அமைப்பு. எல்எஃப்பி செல்லின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் ஏறத்தாழ தட்டையாக இருக்கும். 40 சதவீதமா 70 சதவீதமா என்று வோல்ட்டேஜை வைத்துச் சொல்ல முடியாது. பிஎம்எஸ் போன மின்னோட்டத்தையும் வந்த மின்னோட்டத்தையும் எண்ணித்தான் காட்டுகிறது, அந்த எண்ணிக்கை நாளாக நாளாக விலகும். எப்போதும் 30 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையிலேயே ஓட்டினால் செல்களைச் சமப்படுத்தும் வேலையும் நடக்காது, ஏனெனில் பெரும்பாலான பிஎம்எஸ் அதை உச்சியில்தான் செய்யும். விளைவு: திரையில் 35 சதவீதம், வண்டி நடுவழியில் அணைந்து நிற்கும். பேட்டரி கெட்டுவிட்டதென்று புகார் போகும். உண்மையில் வேண்டியது வாரத்துக்கு ஒரு முழு சார்ஜ், உச்சியில் சிறிது நேரம் பிடித்து வைத்து. வண்டிகளை இயக்கும் மென்பொருளான ஃப்ளீட் மேனேஜரில் இதை வண்டிக்கு ஒரு நாள் என்று பிரித்து அட்டவணை போட முடிய வேண்டும்.

முழுதாக ஏறிய வண்டி உடனே சரிவில் இறங்கினாலும் சிக்கல்: பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடமில்லை, பிஎம்எஸ் துண்டித்துவிடும். பிரேக் ரெசிஸ்டர் இல்லாத வண்டியை அந்தப் பாதைக்கு 90 சதவீதத்துக்கு மேல் அனுப்பாதீர்கள்.

சார்ஜுக்குப் போகும் வரம்பை எல்லா வண்டிக்கும் 30 சதவீதம் என்று வைப்பதும் தவறு. ஒரே நேரத்தில் வேலை தொடங்கிய வண்டிகள் ஒரே நேரத்தில் டாக் தேடும். 30, 35, 40 என்று பிரித்து வையுங்கள். வேலையில்லாத வண்டி 80க்குக் கீழே இருந்தால் தானே போகட்டும். மின்வெட்டு முடிந்ததும் எல்லா டாக்கும் ஒன்றாக இழுக்காதபடி சில விநாடி இடைவெளியில் தொடங்கவும் வேண்டும்.

வாங்கும் முன் நேரில் மூன்று சோதனை கேளுங்கள். காலி டாக்கின் தகடுகளில் மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். டாக்கில் வண்டியை ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பிஎம்எஸ் முழுக்கத் துண்டித்த ஒரு வண்டியைக் கொடுத்து எழுப்பச் சொல்லுங்கள். பல சார்ஜர்கள் எதிரே வோல்ட்டேஜ் தெரியாவிட்டால் மின்சாரமே கொடுக்காது. வண்டி செத்திருந்தால் தானாக டாக்குக்கு வரவும் முடியாது. கையால் செருகும் தனி சார்ஜிங் போர்ட்டும், பிஎம்எஸ்ஸை எழுப்பும் பட்டனும் பேனலைக் கழற்றாமலே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.