மைஎஸ்க்யூஎல் ட்யூனர்: சில ஆண்டுகள் பயன்படுத்தியபின், ஒரு சிவப்பு வரி பற்றி

புதிதாக ஒரு டேட்டாபேஸ் சர்வரின் பொறுப்பை ஏற்ற நண்பர், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைச் சோதித்து ஆலோசனை சொல்லும் ஸ்கிரிப்டான மைஎஸ்க்யூஎல் ட்யூனரை ஓட்டி, வந்த அறிக்கையை முழுதாக எனக்கு அனுப்பினார். "இதில் சொல்லியிருப்பதை எல்லாம் செய்துவிடலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். காரணத்தை நாலு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்கிரிப்ட் என்ன, எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெர்லில் எழுதிய ஒற்றைக் கோப்பு. சர்வரின் உள்கணக்குகளைப் படித்து, சரியானதைப் பச்சையிலும் சரியில்லாததைச் சிவப்பிலும் காட்டி, முடிவில் எந்தெந்த அமைப்பை மாற்றலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. தானாக எதிலும் கைவைக்காது. சர்வர் தொடங்கி 24 மணி நேரம் ஆகவில்லை என்றால், இந்த ஆலோசனைகள் சரியாக இல்லாமல் போகலாம் என்று தானே எச்சரிக்கும். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதைவிடப் பிடித்தது இன்னோடிபி பஃபர் பூலின் (வட்டிலிருந்து படித்த தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) அளவையும் தரவின் அளவையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவது. ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் சர்வரில் முதல்முறை ஓட்டியபோது அந்த வரியில் ஒருபுறம் 128 எம்பி, மறுபுறம் 14 ஜிபி. 16 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரத்தில் பஃபர் பூல் நிறுவியபோது இருந்த அளவிலேயே கிடந்தது. படிக்க வேண்டிய பக்கங்களை எல்லாம் சர்வர் ஓயாமல் வட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. மைஎஸ்க்யூஎல்லின் 5.7 பதிப்பில் பஃபர் பூலைச் சர்வரை நிறுத்தாமலே பெரிதாக்கலாம். அன்று மாலையே பில் போடும் இடத்தில் வித்தியாசம் தெரிந்தது. இந்த ஒரு வரிக்காகவே எந்தப் புதுச் சர்வரிலும் முதல் வேலையாக இதை ஓட்டுகிறேன், இனியும் ஓட்டுவேன்.

ஆனால் அதே அறிக்கையின் கீழ்ப்பகுதியில், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) இல்லாமல் நடந்த ஜாயின்கள் (டேபிள்களை இணைத்துப் படிப்பவை) இத்தனை என்று ஒரு சிவப்பு வரி வரும். பரிந்துரைப் பட்டியலில் அதற்கான மருந்து: ஜாயின் பஃபரை இப்போதிருக்கும் அளவைவிடக் கூட்டு, அல்லது ஜாயின்களில் எப்போதும் இண்டெக்ஸைப் பயன்படுத்து. இப்போது 256 கேபி இருந்தால் 256 கேபிக்கு மேல் என்று சொல்லும். ஒரு எம்பி ஆக்கினால் ஒரு எம்பிக்கு மேல் என்று சொல்லும். நான்கு ஆக்கினால் நான்குக்கு மேல். எங்கே நிறுத்துவது என்று அது ஒருபோதும் சொல்லாது. என் பல்லைக் கடிக்கவைப்பது இந்த வரிதான்.

ஜாயின் பஃபர் செய்வது இவ்வளவே. பதிவேட்டில் அகரவரிசை இல்லை, கையில் நூறு சீட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொரு சீட்டுக்கும் உரிய பெயரைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை பெரிதாக இருந்தால் பல சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பதிவேட்டைக் குறைந்த தடவை புரட்டலாம். புரட்டும்போதெல்லாம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டித்தான் ஆக வேண்டும். மேசைதான் ஜாயின் பஃபர், அகரவரிசைதான் இண்டெக்ஸ். மேசையை எவ்வளவு அகலமாக்கினாலும் அகரவரிசை வந்துவிடாது.

அந்த மருந்து நிறுவனத்தின் சர்வரில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் இந்த ஒரு பரிந்துரையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஜாயின் பஃபரை 64 எம்பி வரை கொண்டுபோயிருந்தார்கள். அனுமதித்த இணைப்புகள் 300. கணக்குப் போட்டால் ஜாயின் பஃபருக்கு மட்டுமே 19 ஜிபி வரும், இயந்திரத்தில் இருப்பதோ 16. அதுவும் ஓர் இணைப்புக்கு ஒரு பஃபர் என்ற கணக்கில்தான். ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி) இண்டெக்ஸ் இல்லாத ஜாயின் மூன்று இருந்தால் மூன்று பஃபர் எடுக்கும். மாதக் கடைசியில் பலரும் ஒரே நேரத்தில் இருப்பு அறிக்கை எடுப்பார்கள். நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் டேட்டாபேஸையே கொன்றுவிடும். பில் கவுண்டர்கள் எல்லாம் நின்றுபோகும். சர்வர் போதவில்லை, பெரிய இயந்திரம் வாங்க வேண்டும் என்ற பேச்சு அதற்குள் தொடங்கியிருந்தது.

உண்மைக் காரணம் வேறு. அந்த இருப்பு அறிக்கையின் குவெரிக்கு எக்ஸ்பிளெய்ன் (குவெரியைச் சர்வர் எப்படி ஓட்டும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால், இரண்டு டேபிள்களிலும் மருந்துக் குறியீட்டு நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இருந்தது, பயன்படவில்லை. பழைய டேபிள் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரை இடம் தரும் யுடிஎஃப்8எம்பி3 எழுத்துக் குறியாக்கத்திலும் பிறகு சேர்த்த டேபிள் நான்கு பைட் வரை தரும் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்திலும் இருந்தன. இரண்டையும் ஒப்பிடும்போது சர்வர் பழையதை ஒவ்வொரு வரிசையாக மாற்றிப் பார்க்கிறது, அங்கிருந்த இண்டெக்ஸ் வீணாகிறது. தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட்டே போதும் என்பதால் பழைய குறியாக்கத்தில் மருந்தின் பெயரோ வாடிக்கையாளர் பெயரோ எங்கும் சிதையவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. பழைய டேபிளையும் எம்பி4-க்கு மாற்றினேன். நிமிடக்கணக்கில் ஓடிய அறிக்கை சில நொடிகளில் முடிந்தது. ஜாயின் பஃபரை 256 கேபிக்கே இறக்கினேன். கர்னல் அதன்பின் டேட்டாபேஸைத் தொடவில்லை.

சிவப்பு வரி மட்டும் போகவில்லை. ஒரு நாளைக்கு இண்டெக்ஸ் இல்லாத ஜாயின்கள் 250-ஐத் தாண்டினாலே அது சிவப்பாகிவிடும். ஜிஎஸ்டி விகிதங்கள் உள்ள டேபிளில் பத்து வரிசைகூட இல்லை, அதை முழுதாகப் படிப்பதே வேகமான வழி. அதுவும் இந்தக் கணக்கில் சேர்கிறது. கூட்டம் உள்ள காலை வேளையில் 250 என்பது சில நிமிட வேலை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இண்டெக்ஸைப் பயன்படுத்து என்ற சரியான பதில் அதே வரியில் இருக்கிறது. நினைவகப் பயன்பாடு ஆபத்தான அளவில் இருந்தால், பஃபர்களைக் கூட்டுவதற்கு முன் நினைவகத்தைக் கூட்டு என்ற எச்சரிக்கை பட்டியலுக்கு மேலேயே வருகிறது. 8.0.18 பதிப்பில் ஹாஷ் ஜாயின் என்ற புதிய இணைப்பு முறை வந்தபின், அதற்கான நினைவகம் தேவைக்கேற்ப வளர்கிறது. எனவே புதிய பதிப்புகளில் பஃபரைக் கூட்டுவது பழைய அளவுக்கு ஆபத்தில்லை, சில பெரிய அறிக்கைகளுக்கு நல்லதும்கூட. இத்தனையும் தெரிந்தும் என் கோபம் தணியவில்லை. வரியின் முதல் பாதி ஓர் எண்ணைத் தருகிறது, இரண்டாம் பாதி ஒரு வேலையைத் தருகிறது. அவசரத்தில் இருப்பவர் எண்ணைத்தான் எடுப்பார். எந்தக் குவெரி இண்டெக்ஸ் இல்லாமல் ஜாயின் செய்கிறது என்ற விவரம் சர்வர் தன் செயல்பாட்டுக் கணக்குகளை வைத்திருக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் குவெரி வாரியாக இருக்கிறது. பரிந்துரைப் பட்டியலில் மிக மோசமான மூன்று குவெரிகளைப் போட்டிருந்தால், எனக்கு முன் இருந்தவர்கள் எக்ஸ்பிளெய்ன் போட்டிருப்பார்கள்.

ஆலோசனைக்கு வயதும் ஆகிறது. ஒரு காலத்தில் குவெரி கேஷை (முன்பு தந்த விடைகளைச் சேமித்து வைக்கும் வசதி) திற, பெரிதாக்கு என்பதுதான் எங்கும் கேட்ட அறிவுரை. பல கோர் உள்ள இயந்திரங்களில் அதன் பூட்டே நெரிசலாகிறது என்று தெரிந்தபின், அணைத்துவிடு என்றார்கள். 8.0 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பழைய அறிக்கை ஒன்றைத் தேடி எடுத்து இன்றைய சர்வருக்கு அப்படியே போடுபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான பிஜிட்யூன் போன்றவை நினைவக அளவையும் கோர் எண்ணிக்கையையும் கேட்டு எண்களைத் தருகின்றன, ஓடும் குவெரிகளைப் பார்ப்பதே இல்லை. இயந்திரக் கற்றலை வைத்து இதைச் செய்ய வந்த ஆட்டர்ட்யூன், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்தது, 2024-இல் மூடப்பட்டது. இவற்றோடு வைத்துப் பார்த்தால், இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பெர்ல் கோப்பு எனக்கு எவ்வளவோ மேல்.

நண்பருக்குச் சொன்னது: ஓட்டுங்கள், பஃபர் பூல் வரியைப் பாருங்கள், கடவுச்சொல் இல்லாத பயனர்கள் பட்டியலைப் பாருங்கள், இன்னோடிபிக்கு முந்தைய சேமிப்பு முறையான மைஐஎஸ்ஏஎம் டேபிள்கள் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாயின் பஃபர் வரியைக் கண்டால் குவெரியைத் தேடிப் போங்கள். அறிக்கையை மேலதிகாரிக்கு வாரந்தோறும் மின்னஞ்சலில் போகும்படி அமைக்காதீர்கள். நான் பொறுப்பேற்ற சர்வரில் அந்த அமைப்பை முதலில் எடுத்துவிட்டேன்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், இரண்டு.