டிஸ்ப்ளேயில் தெரியும் 3-க்கு இரண்டு அர்த்தம்

விலையும் மோட்டாரும் ஒன்றேதான், 250 வாட், 36 வோல்ட். இரண்டு எலெக்ட்ரிக் சைக்கிளிலும் அசிஸ்டை, அதாவது மோட்டார் உதவியின் படியை, 3-ல் வைத்து மிதித்தால் ஒன்று பாய்கிறது, மற்றது தோளில் கைவைத்துத் தள்ளுவதுபோல் மெல்லத் தள்ளுகிறது. காரணம் டிஸ்ப்ளேயில் இல்லை, மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலரிலும், நீங்கள் மிதிப்பதை உணரும் சென்சாரிலும் இருக்கிறது. கடைகளில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

முதல் வகை கண்ட்ரோலருக்கு அசிஸ்ட் எண் என்றால் வேகம். 1-க்கு 12 கி.மீ., 3-க்கு 18 என்று வைத்திருப்பார்கள். அந்த வேகம் வரும்வரை மோட்டார் முழுபலத்தில் இழுக்கும், வந்ததும் கைவிடும். இரண்டாம் வகைக்கு அதே எண் கரண்ட். 3 என்றால் இத்தனை ஆம்பியர், வேகம் எதுவானாலும் சரி.

புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் சுமார் 22 கி.மீ. கோடைப் பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது வேக வகை சைக்கிள் 18-ஐ எட்டியே தீருவேன் என்று பேட்டரியை உறிஞ்சும். எவ்வளவு தீர்ந்தது என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். கரண்ட் வகையில் கணக்குப் போடலாம். 4 ஆம்பியர், 18 கி.மீ. வேகம் என்றால் போகவர 44 கி.மீ.க்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், 9.8 ஆம்பியர்-அவர். 10 ஆம்பியர்-அவர் பேட்டரி வீட்டு வாசலில் மூச்சு விட்டுவிடும், ஆகவே ஒரு படி குறைத்துக்கொண்டு காலால் ஈடுகட்ட வேண்டும். தினமும் தூரம் போகிறவருக்கு எங்கள் ஓட்டு கரண்ட் வகைக்கே.

உங்களுடையது எது? பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அசிஸ்ட் 1-ல் வைத்துக் கையால் மிதியைச் சுற்றுங்கள். சக்கரம் 12 போலக் குறைந்த வேகத்துக்கு மேல் ஏறாவிட்டால் வேக வகை. கிட்டத்தட்ட உச்ச வேகத்துக்கே ஓடினால் கரண்ட் வகை.

அடுத்தது சென்சார். மலிவான கேடன்ஸ் சென்சார் மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். டார்க் சென்சார் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளக்கும். (தரையில் நின்று கையால் சுற்றும் மேற்படி சோதனை இதில் சரிப்படாது.) புதுச்சேரியின் பூல்வார் தெருக்களுக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் கேடன்ஸ் போதும், சமதரைதானே. கடலூரின் கேப்பர் மலை ஏற்றம் தினமும் உண்டு என்றால் கூடுதல் காசு கொடுத்து டார்க் சென்சார் வாங்கலாம். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கேடன்ஸ் சென்சாருக்கு மிதித்தண்டு வட்டிலுள்ள சில மேக்னட் கடந்தால்தான் விழிப்பு வரும். அதுவரை முழு எடையும் உங்கள் முழங்காலில். நேரு வீதி நெரிசலில் இதே தாமதம் தலைகீழாகத் தொல்லை தரும்: மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளும். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் கட்-ஆஃப் வேலை செய்கிறதா என்று வாங்கும் அன்றே பாருங்கள்.

செட்டிங்ஸுக்குள் போக, பல எல்சிடி டிஸ்ப்ளேக்களில் கூட்டல், கழித்தல் பட்டன்களை இரண்டு நொடி சேர்த்து அழுத்த வேண்டும். பரவலாகக் கிடைக்கும் எஸ்866 டிஸ்ப்ளேயின் செட்டிங் எண்கள் இங்கே. மாற்றுமுன் ஒவ்வொரு திரையையும் போனில் படமெடுத்துவிடுங்கள்.

பி06 சக்கர அளவு. 27.5 அங்குலச் சக்கரத்துக்கு 26 என்று இருந்தால் திரை 25 காட்டும்போது நீங்கள் போவது 26.4. பி12 கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் பலம். வெடுக்கென்று இழுத்தால் இதைக் குறையுங்கள். பி11 சென்சாரின் உணர்திறன். பி13 மிதித்தண்டு வட்டில் உள்ள மேக்னட் எண்ணிக்கை. 5, 8, 12 என்று வரும், எண்ணிப் பார்த்து வையுங்கள். தவறினால் உதவி விட்டுவிட்டு வரும். பி14 கரண்ட் வரம்பு, இதை ஏற்றினால் மோட்டாரும் கண்ட்ரோலரும் சூடாகும். பி08 வேக வரம்பு. நண்பர் ஒருவர் 40 ஆக்கிவிடச் சொல்வார், கேட்காதீர்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25-க்குள் இருக்கும் வரைதான் அது லைசென்ஸ், நம்பர் பிளேட் கேட்காத சைக்கிள்.

பேட்டரிக் கோடுகளை நம்புவதா, வோல்ட்டை நம்புவதா? வோல்ட்டைத்தான். 36 வோல்ட் பேட்டரி முழுசாக இருந்தால் 42, ஏறக்குறைய 31-ல் கட் ஆகும். பாலம் ஏறும்போது இரண்டு கோடு இறங்கி, இறங்கும்போது திரும்பி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சுமை குறைந்ததும் வோல்ட் மீள்கிறது.

திரையில் 30 என்று எரர் வந்தால் டிஸ்ப்ளேயும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். கடற்கரை ஊரில் பெரும்பாலும் உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டர்தான் காரணம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்கள் நன்றாகக் காய்ந்தபின், அம்புக்குறிகள் நேராக வரும்படி அழுத்திச் செருகுங்கள். திருகிச் செருகினால் பின் வளைந்து, கேபிளையே மாற்ற வேண்டியிருக்கும்.